கேமராவை மாட்டுவது யார், பாஸ்வேர்டை வைத்திருப்பது யார்?

பூட்டிய வீட்டில் நகை திருட்டு என்று வரும் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: போகிற போக்கில் திருடர்கள் சிசிடிவியின் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டில் ஒரு கேமரா, போர்டிகோவில் ஒன்று, கொல்லைப்புறம் ஒன்று என்று எல்லாமே நன்றாகத்தான் ஓடியிருக்கும். ஆனால் பதிவு முழுவதும் டிவி ஸ்டாண்டில் இருந்த ஒரே பெட்டிக்குள் கிடந்ததால், பெட்டி போனதோடு சாட்சியும் போயிற்று.

கேமரா வாங்கப் போகிறவர்கள் எத்தனை மெகாபிக்சல், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது? அதைத் திறக்கும் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது? ஆள் வைத்து மாட்டுவதா, நாமே மாட்டிக்கொள்வதா என்பதை இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாமே மாட்டும் வகையில் பரவலாக விற்பது டிபி-லிங்க்கின் டாப்போ சி200. விலை ஏறக்குறைய 2,000 ரூபாய், உள்ளங்கையில் அடங்கிவிடும். அடாப்டரைச் செருகியதும் தலையை இடமும் வலமும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறது. முன்னால் இருக்கும் விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மினுக்கினால் போனோடு சேரத் தயார் என்று அர்த்தம். ஆப்பில் கணக்குத் தொடங்கி, வீட்டு வைஃபை விவரத்தைக் கொடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க போனில் தெரிகிறது. மெமரி கார்டு போடும் இடம் எங்கே என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டாம். லென்ஸை விரலால் மேல்நோக்கித் தூக்கினால் அடியில் அந்த இடம் தெரியும். பக்கத்திலேயே ரீசெட் பட்டன். கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆப்பில் படத்தைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முரண்டு பிடிக்கும் இடம் வைஃபை. இது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். இப்போது வீடுகளுக்கு வரும் ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுவதால் சில வீடுகளில் கேமரா சேர மறுக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்து வைத்துச் சேர்த்தால் சரியாகிவிடும். கடைக்காரரைத் திட்டிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

வீட்டுக்குள் இந்தக் கேமரா நன்றாகவே உழைக்கிறது. தனியாக இருக்கும் அம்மா எழுந்துவிட்டாரா என்று வெளியூரிலிருந்து பார்க்கலாம், அதன் வழியாகவே பேசலாம். சி200 மழையில் நனையக்கூடாது என்பதால் பலர் இதை ஜன்னலுக்கு உள்ளே வைத்துத் தெருவைப் பார்க்க விடுகிறார்கள். பகலில் படம் பளிச்சென்று இருக்கும். இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரை முழுவதும் வெள்ளைப் புகை மூட்டமாகிவிடும். திருடன் வரும் நேரத்துக்கு அந்தக் கேமரா உதவாது. வெளியே வேண்டுமென்றால் மழை தாங்கும் மாடலை வாங்கி வெளியேதான் மாட்ட வேண்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? கேமராவுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்தவர்கள்கூட ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். ரவுட்டர் நின்றால் கேமரா மெமரி கார்டில் பதிவு செய்துகொண்டிருக்கலாம், ஆனால் போனுக்கு எச்சரிக்கை வராது. அந்தக் கார்டும் கேமராவுக்குள்ளேயே இருப்பதால், கேமராவைப் பிடுங்கினால் பதிவும் கையோடு போய்விடும். இதற்கு மாற்று மாதச் சந்தா கட்டிப் பெறும் கிளவுட் சேமிப்பு.

கிளவுட் என்றால் வீட்டுப் படம் இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று பொருள். அமெரிக்காவில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தின் சேவை 2024 பிப்ரவரியில் தடைப்பட்டு மீண்டபோது, சுமார் 13,000 வாடிக்கையாளர்களுக்கு வேறு யாருடைய வீட்டுக் கேமராப் படங்களோ காட்டப்பட்டன. அமேசானின் ரிங் நிறுவனத்தில் ஊழியர்களே வாடிக்கையாளர் வீடியோக்களைப் பார்த்தார்கள் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்து, 58 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் கேமரா வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. வாசலுக்குக் கிளவுட் இருக்கட்டும், படுக்கையறையில் கேமராவே வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் கேமராவைச் சட்டமும் கவனிக்கத் தொடங்கிவிட்டது. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களுக்கு இடையே எழுந்த வழக்கில், கூட வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருக்கும் பகுதிக்குள் கேமரா இயக்கக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

இனி ஆள் வைத்து மாட்டும் முறை. அமெரிக்காவில் இதற்கு இரவும் பகலும் கண்காணிப்பு மையம், அலாரம், மாதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வரும். நம் ஊரில் பெரும்பாலும் வருவது பக்கத்துக் கடையின் டெக்னீஷியன் ஒருவர், ஏணியோடு ஓர் உதவியாள், ஒரு கட்டு 3+1 கேபிள். நான்கு கேமரா, பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கூலி எல்லாம் சேர்த்து 15,000 முதல் 25,000 ரூபாய் வரை ஆகிறது. கம்பி வழியே வருவதால் வைஃபை எட்டாத கொல்லைப்புறத்திலும் மொட்டை மாடியிலும் படம் அறுபடுவதில்லை. மொத்த அமைப்பும் ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்டுக்குள் ஓடிவிடும் என்பதால் இன்வெர்ட்டருக்கும் பாரமில்லை. வெளிப்புறத்துக்கு இதை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை.

ஆனால் ‘ஒரு மாசத்துக்கு ரெக்கார்டிங் இருக்கும் சார்’ என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. அப்படியானால் 1 டிபி டிஸ்க் 11 நாளில் நிறைந்து, பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவருக்கு, அவர் கிளம்பிய மறுநாள் நடந்தது கிடைக்காது. ஒரு மாதம் வேண்டுமென்றால் 3 டிபியாவது வேண்டும், அல்லது அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி அமைக்க வேண்டும்.

கேமராவை எங்கே, எந்த உயரத்தில் வைப்பது என்பதில்தான் டெக்னீஷியனின் திறமை தெரியும். பன்னிரண்டு அடி உயரத்தில் வைத்தால் வருகிறவரின் உச்சந்தலைதான் பதிவாகும். எட்டு, ஒன்பது அடியில் கேட்டை நேராகப் பார்க்க வைத்தால் முகம் கிடைக்கும். லென்ஸும் முக்கியம். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் வாசல் முழுவதையும் விரித்துக் காட்டும், தெருவில் நிற்கும் பைக்கின் நம்பர் தெரியாது. நம்பர் வேண்டுமென்றால் கேட்டுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் லென்ஸ் கேட்டு வாங்க வேண்டும். வெளியே கேபிள் சேரும் இடங்களை டேப் சுற்றி விட்டுவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி, பிஎன்சி கனெக்டர் துருப்பிடித்து, படத்தில் கோடு கோடாக விழும். ஜங்ஷன் பாக்ஸுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் கொடுத்துவிடலாம்.

பெரிய ஆபத்து பாஸ்வேர்டில் இருக்கிறது. வேலை முடிந்ததும் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு, தன் போனிலேயே டிவிஆரைப் பதிவு செய்துவிட்டுப் போகும் டெக்னீஷியன்கள் உண்டு. பல பிராண்டுகளில் ஒரு கருவி ஒரே ஒரு கணக்கில்தான் சேரும். பிறகு வீட்டுக்காரரே அவரைத் தேடிப்போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தித்தான், 2016-இல் மிராய் என்ற தீநிரல் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே சில மணி நேரம் எட்டாமல் செய்தது. இந்தியாவில் சிசிடிவி கேமராக்கள் அரசு அங்கீகரித்த ஆய்வகங்களில் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்கும் மாடலுக்கு அந்தச் சான்று உண்டா என்று கடையில் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

சொந்த வீடு, காம்பவுண்ட் சுவர், கொல்லைப்புறம் என்று இருப்பவர்கள் வெளிப்புறத்துக்கு ஆள் வைத்துக் கம்பி இழுப்பதே சரி. டிவிஆரை டிவி ஸ்டாண்டில் வைக்காமல் பூட்டிய அலமாரியிலோ பரணிலோ காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். அதோடு வாசலுக்கு மட்டும் கிளவுட் உள்ள வைஃபை கேமரா ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், பெட்டி போனாலும் முகம் மிஞ்சும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் நாமே மாட்டும் கேமரா ஒன்றிரண்டே போதும். சுவரை உடைக்க வேண்டாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

ஆள் வைத்து மாட்டுகிறவர்கள் மீதிப் பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டாம். இருட்டிய பிறகு வீட்டில் ஒருவரைக் கேட்டருகே நிற்க வைத்து, அந்தப் பதிவைத் தேடி எடுத்து பென் டிரைவில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். முகம் தெரிகிறதா, திரையில் தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். போலீசுக்கு நாளை கொடுக்க வேண்டியது அந்தப் பதிவுதான். பிறகு அவர் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.