பட்டறிவும் நடைப்பிணமும்

பட்டால்தான் தெரியும் என்பார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பழகுகிறவன் அப்படித்தான் பழகுகிறான். விலை விழுந்த நாளில் கையைச் சுட்டுக்கொண்டவனுக்குத்தான் சந்தை புரிகிறது. ஆனால், பட்டவனே செத்துப்போனால் அந்த அறிவு யாருக்குச் சேரும்? இந்த ஊர்ப் பையன்கள் செல்போனில் ஆடும் ஒரு விளையாட்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறது. அதனால்தான் அதை விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

'கேட்டகிளிசம்: டார்க் டேஸ் அஹெட்' என்று பெயர். 2013 முதல் பலர் கூடி வளர்த்துவருவது, காசில்லாமலே கிடைக்கிறது. 1980-ஐ ஒட்டி வந்த 'ரோக்' என்ற விளையாட்டின் வம்சம். ஆட்டத்துக்கு ஆட்டம் உலகம் மாறும், செத்தவன் செத்தவன்தான். பரமபதத்தில் பாம்பு கடித்தால் காய் கீழே இறங்கும், அவ்வளவுதான். இங்கே காயே போய்விடும்.

களம் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து. நாம் ஆளைத் திட்ட வைத்திருக்கும் 'நடைப்பிணம்' என்ற சொல் அங்கே நிஜமாகவே தெருவில் நடக்கிறது. படங்கள் வேண்டாமென்றால் எழுத்துக்களைக் கொண்டே ஆடலாம். அப்போது கதாநாயகன் மின்னஞ்சல் முகவரியில் வருகிற சுழி, பிணம் ஓர் ஆங்கில எழுத்து.

இதை ஆடப் பழகுவது சாகப் பழகுவதுதான். முதல் நாயகன் ஜன்னலை உடைக்கிறான். சத்தம் கேட்டு வந்த கூட்டம் அவனை முடித்துவிடுகிறது. இரண்டாமவன் வீழ்த்திய பிணத்தைச் சிதைக்காமல் விட்டுப்போகிறான். அது மறுபடி எழுந்து வருகிறது. மூன்றாமவன் புதருக்கு இப்பால் நின்றுகொண்டு, புதருக்குள் தட்டுத்தடுமாறி வருகிறவற்றை ஒவ்வொன்றாக அடிக்கிறான். இந்த வித்தையை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பட்டவர்கள் அவர்கள்; அறிவு ஆடுகிறவனுடையது.

நாவலிலும் இதுதானே நடக்கிறது? பாத்திரம் படுகிறது, வாசகன் அறிகிறான். ஆனால் நல்ல நாவல் வாசகனைத் துக்கப்படாமல் விடுவதில்லை. இங்கே ஒருவன் செத்த மறுநிமிஷம் வேறு பெயரில் வேறொருவன் வந்து நிற்கிறான். செத்தவனுக்காக வருந்த அவகாசமே இல்லை. இதை நான் பெருங்குறை என்றே சொல்வேன்.

ஆனால், ஈவிரக்கமற்ற விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. குழந்தையாக இருந்து நடைப்பிணமான ஒன்றைக் கொன்றால் நாயகனின் மனம் சோர்ந்துவிடுகிறது. சோர்வு மிஞ்சினால் புத்தகத்தைத் தொடமாட்டான், கைவேலை செய்யமாட்டான். பசியையும் தாகத்தையும் போலவே குற்ற உணர்வையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. கொலைகள் பெருகும்போது அந்தச் சோர்வு குறைந்துகொண்டே வந்து கடைசியில் இல்லாமலே போய்விடுகிறது. அதன் பிறகு அவன் வெகு சௌகரியமாகப் பிழைக்கிறான்.

பிழைக்கக் கற்றுக்கொண்டவன் எதை இழந்து கற்றுக்கொண்டான் என்பதை அந்த இடத்தில் ஆட்டம் காட்டிவிடுகிறது. உபதேசம் ஒரு வரிகூடக் கிடையாது. யுத்தத்தையும் பஞ்சத்தையும் வைத்து நாவல் எழுதுகிறவர்களில் பலருக்கு இந்த அடக்கம் வாய்க்கவில்லை. பையன்கள் இந்த இடத்தைக் கவனிக்கிறார்களா, அவசரத்தில் தாண்டிவிடுகிறார்களா என்பதுதான் என் கவலை.