தேயும் பாணும் லயமும்

நாம் வாழும் நகரின் பெயரே ஆராய்ச்சிக்குரியது. மலைமேல் நாடு என்னும் பொருளில் 'கந்த உட ரட' எனச் சிங்களவர் தம் இராச்சியத்தைச் சுட்டிய தொடரில் தலைச்சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு, போர்த்துக்கேயர் தம் ஏடுகளில் எழுதிவைத்த குறுக்கத்தின் வழிவந்ததே 'கண்டி' என்பது சரித்திரக்காரர் துணிபு. சிங்களவரோ இன்றும் 'மகாநுவர' என்றே வழங்குவர். 1505இல் இலங்கைக் கரையிறங்கிய போர்த்துக்கேயரும், அவர்க்குப்பின் வந்த ஒல்லாந்தரும், இம்மலையரசைப் பிடித்து நிலைக்கமாட்டாமற் போயினர். 1815இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆயினும், படைகள் தோற்றுத் திரும்பிய பாதையிலேயே அவர்தம் சொற்கள் மெல்ல மலையேறிவிட்டன.

புகையிரத நிலையத்தருகே ஒரு தேத்தண்ணீர்க் கடையிற் காலைவேளையில் அமர்ந்தால் இது பிரத்தியட்சமாகும். சுவரோரத்து நெடும்பலகை 'வாங்கு'. அது போர்த்துக்கேய 'பாங்கோ'. நாணயம் மாற்றுவோர் இத்தாலியில் இட்டிருந்த விசிப்பலகையும் அதே சொல்லாற் குறிக்கப்பட்டமையின், நமது வாங்கும் வங்கியும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். தட்டில் வரும் 'பாண்' இலத்தீன் 'பானிஸ்' என்பதன் பேரன். போர்த்துக்கேயர் மூக்கொலியோடு முடித்ததை நம் செவி ணகர மெய்யாகக் கேட்டது. அதனோடு வரும் கறியிலுள்ள 'போஞ்சி', சிற்றவரை என்று பொருள்படும் ஒல்லாந்த 'போன்ட்யே'. தமிழர் கடையிலும் சிங்களவர் கடையிலும் இவை ஒருங்கே விளங்குவன. ஆசிய மொழிகளிற் கலந்த போர்த்துக்கேயச் சொற்களைத் தால்காதோ 1913இல் தொகுத்து வெளியிட்ட நூல் இத்துறைக்கு இன்றும் அடிநூல்.

சொல் சிறுத்துச் சிறுத்து ஓரெழுத்தாகும்போதுதான் சங்கடம். நன்னூலார் எண்ணிய 42 ஓரெழுத்தொருமொழிகளுள் 'தே' ஒன்று. தெய்வம் என்பது அதன் பொருள். தேயிலையிலுள்ள 'தே'யோ சீனத்து அமோய்த் துறைமுகப் பேச்சிற் பிறந்து, கப்பலேறி ஐரோப்பா சென்று, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்ட செடிக்குப் பெயராயிற்று. 'தேநீர்' என்பதைத் தேனும் நீரும் எனப் பிரித்துக் காட்டிய அன்பர் ஒருவரை நான் அறிவேன். அவரிடம் வாதாடுவது, சூடாறிய தேநீரைக் குடிப்பது போல் சுவையற்ற காரியம்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனில் 'தேயுஸ்' என்றாலும் கிரேக்கத்தில் 'தியோஸ்' என்றாலும் கடவுளே. ஆயினும் அவ்விரண்டுக்கும் உறவில்லை. ஜெர்மானிய 'ஹாபென்', இலத்தீன் 'ஹபேரே' இரண்டும் உடைமையைக் குறிப்பினும், 1822இல் கிரிம் வகுத்துக்காட்டிய ஒலிமாற்ற நியதிப்படி, முன்னதன் உண்மை உறவு 'கப்பேரே', அதாவது பற்றுதல், என்னும் வேறொரு சொல்லே. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தம் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியில் தமிழடிகளை ஐரோப்பிய மொழிகளோடு பொருத்திக் காட்டிய உழைப்பு வணக்கத்துக்குரியது. எனினும், ஈரெழுத்தளவே உள்ள அடிகளில் ஒப்புமை எளிதிற் கிட்டிவிடுமாதலால், அவற்றின் பிரமாணம் எனக்கு வலுவுடையதாகத் தோன்றவில்லை. ஒலியொப்புமையே போதுமெனின், நம் பேக்கரிப் பாணையும் யாழ்மீட்டிய பாணரையும் ஒரே குலமாக்கிவிடலாம்!

தோட்டப்புறத்திலே இன்னொரு சொல் இருக்கிறது. வரிசையைக் குறிக்கும் ஆங்கில 'லைன்', தொழிலாளர் வாயில் 'லயன்' ஆகி, 'லயம்' என்று தமிழுருவும் பூண்டு, சங்கீத வித்துவான்களின் லயத்தோடு தற்செயலாக ஒன்றிப்போயிற்று. அவ்வரிசையின் ஒவ்வோர் அறையும் 'காம்பரா'. போர்த்துக்கேய 'காமரா' வழிவந்த இதன் மூலம், வளைந்த விதானமுடைய மண்டபத்தைக் குறித்த பழைய கிரேக்கச் சொல். 'லயன் காம்பரா' என்று சொல்லுகையில் முன்பாதி ஆங்கிலேயனுடையது, பின்பாதி போர்த்துக்கேயனுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான அந்த அறையில், தகரக் கூரையின்கீழ், அடுப்புப் புகையோடு இருந்தவர்கள் மட்டுமே நம்மவர்.