பங்காளியும் பார்ட்னரும்

தஞ்சாவூர்ப் பக்கம் பங்காளி என்றால் சொத்தில் பங்குள்ளவன். வரப்புத் தகராறில் எதிரே நிற்பவனும் பெரும்பாலும் அவன்தான். அதனாலோ என்னவோ, அரிசி ஆலையில் சேர்ந்து முதல் போட்டவரை இங்கே 'பார்ட்னர்' என்றே சொல்கிறார்கள்.

ஒருவருக்கு இடம் இருக்கும், ஒருவரிடம் பணம் இருக்கும், மூன்றாமவருக்குக் கையில் அள்ளிய நெல்லைப் பார்த்தே ஈரப்பதம் சொல்லத் தெரியும். மூவரும் சேர்ந்தால் ஆலை ஓடும். ஆடிட்டர் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதித் தருகிறார். அதைக் காட்டி பான் கார்டு, ஜிஎஸ்டி எண், வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் வாங்கிவிடலாம். "பதிவு பண்ணியாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் மாவட்டப் பதிவாளரிடம் உள்ள நிறுவனப் பதிவேட்டில் ஆலையின் பெயர் ஏறியிருக்காது.

ஏற்றியே ஆகவேண்டும் என்று 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சிறு வியாபாரிக்கு அது நல்லதுதான். வாய்வார்த்தையாகத் தொடங்கிய கூட்டும் சட்டப்படி கூட்டே. வம்பு 69ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவில்லாத ஆலை கடனுக்கு அரிசி அனுப்பி, கடைக்காரர் பணம் தராவிட்டால், அந்தப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. கடைக்காரர் ஆலைமேல் போடலாம். அப்போதும் "நீ தரவேண்டியதைக் கழித்துக்கொள்" என்று ஆலை கேட்க முடியாது. 100 ரூபாய்க்கு மிகாத சில வழக்குகளுக்கு விலக்கு உண்டு. இன்று அது இரண்டு கிலோ பொன்னிக்கே இழுபறி. பிறகு பதிவு செய்தாலும் முன்பே போட்ட வழக்கு பிழைக்காது. மூன்றாண்டுக் காலவரம்பு முடிவதற்குள் புதிதாகத்தான் போடவேண்டும்.

இதைவிட மோசம் உள்சண்டை. பதிவில்லாவிட்டால் சக பார்ட்னர்மேலும் வழக்குப் போட முடியாது. லாபப் பங்கு வராத பார்ட்னர் இப்போதாவது பதிவு செய்வோம் என்று கிளம்பினால், விண்ணப்பத்தில் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட வேண்டும். யாரோடு சண்டையோ அவரிடமே போய்ப் பேனாவை நீட்டவேண்டும். கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும் சட்டம் வழிவிடுகிறது. ஆலை ஓடட்டும், நியாயமும் வேண்டும் என்பவருக்குக் கதவில்லை. அப்படி நிற்பவர் பெரும்பாலும் பணம் போட்டவர் அல்ல, நெல் பார்க்கத் தெரிந்தவர்.

விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆலையின் முழுக் கடனுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் தன் சொந்த வீடுவரை பொறுப்பு. ஆகவே, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கடன் கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும். ஆனால் அந்தப் பதிவேடு எவ்வளவு உண்மை? 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கும் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்யவேண்டும். சாதாரணக் கூட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்பா இறந்து மகன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், ஏட்டில் அப்பா பெயரே இருக்கும். வேறு மாதிரி எழுதிவைக்காவிட்டால், ஒரு பார்ட்னரின் மரணத்தோடு கூட்டே கலைந்துவிடுகிறது என்பது அந்த மகனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எழுதாமல் விடுவதன் விலை இங்கே புதிதல்ல. வாய்ப்பேச்சுக் குத்தகை யாரை வீதியில் நிறுத்தும் என்று காவிரி டெல்டாவுக்குத் தெரியும். 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தபோது, அதிகாரிகளே கிராமம் கிராமமாகக் குத்தகைதாரர் பெயரை ஏட்டில் ஏற்றவேண்டும் என்று அரசு விதித்தது. எழுத்து அங்கே உழுதவனுக்குக் காவல். கூட்டு வியாபாரத்திலோ பதியாமல் விட்டவனுக்கு நீதிமன்றக் கதவே அடைப்பு. தாமதத்துக்கு அபராதம் கட்டச் சொல்லிவிட்டு வழக்கைக் கேட்டால் போதாதா என்பது என் கேள்வி. அதுவரை, ஒப்பந்தத்தில் மூவரும் கையெழுத்திடும் அதே அமர்வில் பதிவு விண்ணப்பத்தையும் ஆடிட்டர் நீட்டிவிடலாம்.