வத்தலகுண்டு எழுத்தாளர்களும் மேதைமை பற்றிய கோட்பாடுகளும்

பி.ஆர். ராஜமையர் (1872-1898), பி.எஸ். ராமையா (1905-1983), சி.சு. செல்லப்பா (1912-1998) ஆகிய மூவரும் வத்தலகுண்டோடு தொடர்புடைய தமிழ் எழுத்தாளர்கள். முதல் இருவர் பெயரிலும் உள்ள ‘பி’ ஊரின் ஆங்கில எழுத்துவடிவிலிருந்து வந்தது. செல்லப்பா சின்னமனூரில் பிறந்து வத்தலகுண்டில் வளர்ந்தவர். ஒரு சிற்றூர் அரை நூற்றாண்டுக்குள் தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களில் ஒருவரையும், சிறுகதை இயக்கத்தின் இதழாசிரியரையும், புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் களம் அமைத்தவரையும் அளித்திருக்கிறது. இது மண்ணின் தன்மை என்று சொல்வது வழக்கம். அந்த விளக்கம் எந்த அளவுக்கு நிற்கும் என்பது பரிசீலிக்கத்தக்கது.

கன்னிவாடிக்குத் தெற்கே, கொடைக்கானல் மலையடிவாரச் சமவெளியில் உள்ளது வத்தலகுண்டு. கன்னிவாடி, நிலக்கோட்டை, வத்தலகுண்டு ஆகிய ஊர்கள் ஏறத்தாழ ஒரே மழையையும் ஒரே வறட்சியையும் பகிர்ந்துகொள்பவை. கன்னிவாடி பழைய பாளையம். ஜமீன் இருந்த ஊர். நவீன இலக்கிய வரலாற்றில் வத்தலகுண்டுக்கு உள்ள இடம் அதற்கு அமையவில்லை. மண்தான் காரணம் என்றால் அந்த மண் சில கல் தொலைவிலேயே வேலை செய்யாமல் போனது ஏன் என்று விளக்க வேண்டியிருக்கும்.

கோட்பாடுகள்

மேதைமையை அறிவியலாக ஆராயத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பிரான்சிஸ் கால்டன். 1869-ல் வெளிவந்த நூலில் புகழ்பெற்றவர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, மேதைமை பரம்பரையாக வருவது என்று வாதிட்டார். அவர் அளந்தது திறமையை அல்ல, புகழை. நீதிபதியின் மகன் நீதிபதியாவதில் ரத்தத்தின் பங்கு எவ்வளவு, தந்தையின் செல்வாக்கின் பங்கு எவ்வளவு என்று அவரது முறையால் பிரித்தறிய முடியவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் அல்போன்ஸ் த கண்டோல் 1873-ல் இதற்கு மறுப்பாக, கல்வி, மதம், அரசியல் சுதந்திரம் போன்ற சூழல்களே அறிவியலாளர்களை உருவாக்குகின்றன என்று காட்ட முயன்றார்.

அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கிய ஆய்வு, நுண்ணறிவுச் சோதனையில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற சுமார் 1500 குழந்தைகளை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. அவர்களில் பலர் நல்ல பணிகளுக்குச் சென்றனர். நோபல் பரிசு பெற்றவர் ஒருவரும் இல்லை. சோதனையில் தேறாமல் விடப்பட்ட சிறுவர்களில் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வாரெஸும், பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்றனர்.

வத்தலகுண்டு விஷயத்தில் இந்தக் கோட்பாடுகள் இரண்டு பக்கமும் தடுமாறுகின்றன. மூவரும் பிராமணர்கள். அக்கிரகாரத்தில் ரத்தமும் புத்தகமும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. ராஜமையர் மதுரையிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். செல்லப்பா மதுரைக் கல்லூரியில் படித்தார். அதே காலத்தில் அதே ஊரின் மற்ற தெருக்களில் பிறந்த பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளியே எட்டவில்லை. பெண்களின் நிலை சொல்லவே வேண்டியதில்லை. மூன்று பேர் என்ற எண்ணிக்கை ஊரின் மேதைமையை அளப்பதைவிட, திறந்திருந்த கதவுகளை அளக்கிறது எனலாம். ஆனால் அந்தக் கதவின் வழியாக வந்த பலரில் இவர்கள் மட்டும் ஏன் எழுதினார்கள் என்பதற்குச் சூழல்வாதத்திடமும் பதில் இல்லை.

இந்த இடைவெளியை 2013-ல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்று வேறு கோணத்தில் அணுகியது. மரபணுவில் ஒன்றாக உள்ள 40 எலிகள் ஒரே பெரிய கூண்டில் மூன்று மாதம் வளர்க்கப்பட்டன. மரபும் சூழலும் ஒன்றாக இருந்தும் அவற்றின் நடமாட்டம் நாளடைவில் ஒன்றிலிருந்து ஒன்று விலகியது. அதிகம் சுற்றித் தேடிய எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் அதிகம் உருவாகியிருந்தன. தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு நடத்தையின் வழியே தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. எலியிலிருந்து எழுத்தாளருக்குத் தாவுவது பெரிய தாவல்தான். ஆனாலும் தனித்துவம் என்பது பிறப்பிலேயே முடிந்துபோன ஒன்றல்ல, செயலில் திரள்வது என்ற கருத்து இம்மூவரின் வாழ்க்கைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மூன்று திறன்கள்

மேதை என்ற சொல் இயல்பாகப் பொருந்துவது ராஜமையருக்கு. 1893-ல் விவேக சிந்தாமணி இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. அதற்கு முன் தமிழில் பின்பற்றத்தக்க யதார்த்த நாவல் மரபு இல்லை. இருந்தும் வம்பளக்கும் பெண்கள், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை, கொள்ளைக்காரன் பேயாண்டித் தேவன் ஆகியோர் தத்தம் குரலுடன் அதில் எழுந்து வந்தனர். பிற்பகுதியில் வேதாந்தம் கதையை விழுங்கிவிடுகிறது. அது நாவலின் குறைதான். 26 வயதில் நேர்ந்த மரணம் அந்தக் குறையைப் பேசவிடாமல் செய்துவிட்டது. பிரபுத்த பாரத இதழின் முதல் ஆசிரியராக அவர் சென்ற திசையைப் பார்த்தால், வாழ்ந்திருந்தாலும் இன்னொரு நாவல் எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

ராமையாவின் கதைகள் எண்ணிக்கையில் மிகுதி. பல இன்று வாசிக்கப்படுவதில்லை. ஆனால் 1935 முதல் மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்தியபோது புதுமைப்பித்தன், கு.ப.ராஜகோபாலன் முதலியோருக்கு அவர் இடம் அமைத்தார். மௌனி என்ற புனைபெயரைச் சூட்டியவரும் அவரே. தன்னைவிடப் பெரிய கலைஞர்களை அடையாளம் காண்பதும் தனித்த ஒரு திறன். கால்டனின் பட்டியலிலோ டெர்மனின் சோதனையிலோ அதற்கு இடமில்லை.

செல்லப்பாவின் திறன் பிடிவாதம் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகத் தோன்றலாம். 1959 முதல் 1970 வரை எழுத்து இதழை நடத்தி, புத்தகங்களைச் சுமந்து சென்று விற்றவர் அவர். ராமையாவின் சிறுகதைப் பாணியைத் தனி நூலாகவே ஆராய்ந்தார். ஓர் எழுத்தாளரின் தனித்துவத்தை வாழ்க்கைச் செய்திகளில் தேடாமல் படைப்பின் அமைப்பில் தேடிய முயற்சி அது, முறை சரியானது. மதிப்பீடு மட்டும் மிகையானது. ஊர்ப்பற்றும் நன்றியும் அதில் கலந்திருக்கின்றன என்று ஊகிக்க இடமுண்டு.

ஜல்லிக்கட்டு

மூவரின் வேறுபாட்டை ஊர்ப்பெருமை மறைத்துவிடுகிறது. ராஜமையரின் நாவலில் ஜல்லிக்கட்டு கிராம வாழ்வின் காட்சிகளில் ஒன்றாக வந்து போகிறது. சிரிப்பும் வேடிக்கையும் பார்க்கும் கண் அவருடையது. செல்லப்பாவின் வாடிவாசல் முழுவதும் ஒரு பிற்பகலுக்குள், ஒரு திட்டிவாசலின் முன் நடக்கிறது. தந்தையைக் கொன்ற காரி காளையை அடக்க வந்த பிச்சி, தன் காளையின் தோல்வியைத் தாங்காத ஜமீன்தார், இவர்களுக்கு நடுவே விலங்கு. அங்கே சிரிப்பு இல்லை. இருவரும் பார்த்து வளர்ந்தது ஒரே வட்டாரத்தின் மாடுகளைத்தான்.