நிழலும் நிசப்தமும்

காரைக்கால் கோவில்பத்தில், பார்வதீசுவரர் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களில், சங்கமென்ற பெயரோ சந்தாவோ இல்லாத ஒரு ரசிகர் குழாம் உண்டு. பழைய படங்களைக் காட்டும் தொலைக்காட்சி அலைவரிசை ஏதேனும் ஒன்றில் ‘அந்த நாள்’ வருகிறது என்று தெரிந்துவிட்டால், இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே முடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, மறுநாள் காலை தேநீர்க் கடை பெஞ்சியில் அமர்ந்து, எந்தக் காட்சியில் எந்த நிழல் எவர் முகத்தில் விழுந்தது என்று வாதிக்கும் அளவுக்கு அந்தப் படத்தின்மீது பக்தி கொண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய அபிப்பிராயங்களைப் பல காலமாகக் கேட்டுவந்ததன் பயனாக, அந்தச் சிருஷ்டியைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத வேண்டுமென்ற ஆசை எனக்கு உண்டாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின், 1946இல், பாரிஸ் திரையரங்குகளுக்கு ஒருசேர வந்து சேர்ந்த அமெரிக்கக் குற்றப் படங்களில் அதுவரை காணாத ஓர் இருட்டு குடிகொண்டிருப்பதைக் கண்டு, அவற்றைத் தனியொரு வகையாக எடுத்துரைத்தவர் நினோ ஃபிராங்க் என்னும் பிரெஞ்சு விமர்சகர். அந்த இருட்டு தமிழ்த் திரைக்கு முழுமையாக வந்தது 1954 ஏப்ரல் 13ஆம் தேதி ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தோடுதான் என்பது என் துணிபு. அன்றைக்கு இந்தக் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதிதான் இவ்வூரின் நிர்வாகம் இந்திய அரசின் வசம் வந்தது.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையின்மீது குண்டு வீசிய சம்பவமே கதையின் பின்னணி. ராஜன் என்னும் ரேடியோ எஞ்சினீயர், படம் தொடங்கியவுடனே துப்பாக்கிக் குண்டு பட்டுக் கீழே விழுகிறான். கதாநாயகனின் மரணத்தில் ஆரம்பித்து அவனுடைய வாழ்க்கைக்குத் திரும்பிச் செல்லும் இந்த அமைப்பை, அரிச்சந்திரனையும் அல்லியையும் பார்த்துப் பழகிய கண்கள் அன்று எவ்வளவு திகைப்போடு எதிர்கொண்டிருக்கும்! விசாரணைக்கு வரும் ரகசியப் போலீஸ் அதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமனே படத்தின் வசனகர்த்தாவும் ஆவார். விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கூறி, சந்தேகத்தை மற்றொருவர்மேல் திருப்பிவிடுகிறார். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதல் இதில் உண்டென்பது பிரசித்தம். ஆனால் அந்த உத்தியை ஒரு மத்தியதரக் குடும்பத்தின் கூடத்துக்கும் மாடிப்படிக்கும் கொண்டுவந்து, சொத்து, சந்தேகம், தேசபக்தி ஆகியவற்றோடு பிணைத்துவிட்ட சாமர்த்தியம் இயக்குநர் எஸ். பாலச்சந்தருடையது. அப்போது அவருக்கு வயது 27.

பாலச்சந்தர் வீணை வித்துவான். தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த ஒரே மெட்டில் அதை இழுத்து இழுத்து ஸ்வரங்களைக் கொண்டுவந்த அவருடைய வாசிப்பில், மீட்டிய ஓசை தேய்ந்து மறையும் அந்த இடைவெளியே சங்கீதத்தின் உயிர்நிலையாக இருக்கும். அத்தகைய மனிதர், தமிழ்ப் படமென்றால் பாட்டுப் புஸ்தகத்தோடு கூடியதென்று கருதப்பட்ட காலத்தில், ஒரு பாடல்கூட இல்லாமல், நடனமும் சண்டையும் இல்லாமல் ஒரு படத்தை எடுத்தார் என்பதைச் சங்கீதத்தைத் துறந்த செயலாக நான் கருதவில்லை. ஒரு விசாரணையின் நடுவே கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் விழும் நிசப்தத்தை எவ்வளவு நேரம் நீட்டலாம், எந்த இடத்தில் அதை அறுக்க வேண்டும் என்பதை அறிந்தவர், லயம் அறிந்த வித்துவானாகத்தான் இருக்க முடியும்.

ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் செய்திருக்கும் காரியத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் திகட்டுவதில்லை. முகத்தின் ஒரு பாதியை வெளிச்சத்துக்குக் கொடுத்து மறுபாதியை இருளுக்கே விட்டுவிடும் அந்த முறையில், பேசுகிறவர் சொல்லும் உண்மையும் மறைக்கும் உண்மையும் ஏககாலத்தில் பிரத்தியட்சமாகின்றன. ‘பராசக்தி’யில் இடிபோல் முழங்கிய சிவாஜி கணேசன் இரண்டே ஆண்டுகளுக்குப் பின் இங்கே ராஜனாகக் குரலைத் தணித்து, கண்ணின் அசைவாலும் உதட்டோரத்தின் இறுக்கத்தாலும் நடிக்கிறார். சகோதரன் கண்ட ராஜன் ஒருவன், மனைவி கண்டவன் வேறொருவன், ஆசைநாயகி கண்டவன் மூன்றாமவன். மூவரும் ஒரே சரீரத்தில் முரண்படாமல் உலவுகிறார்கள். மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயின் அடக்கத்தையும் இதற்கு நிகராகவே வைத்துப் போற்றுவேன்.

“முடிவு தெரிஞ்ச படத்தைத் திரும்பத் திரும்ப எதுக்கு தம்பி பார்க்கணும்?” என்று தெருவில் ஒரு பெரியவர் கேட்பதுண்டு. முடிவு தெரிந்த பிறகுதான் இந்தப் படத்தைப் பார்க்கவே முடியும் என்பது எங்கள் குழாத்தின் ஏகமனதான பதில். முதல் தடவை குற்றவாளியைத் தேடுகிறோம். இரண்டாம் தடவை, பிறர் பேசும்போது குற்றவாளி எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைக் காண்கிறோம்.

‘புதிய பறவை’யையும் இத்தகைய இருட்டுப் படங்களின் வரிசையில் சேர்க்கலாமா என்பதில் எங்களுக்குள் தீராத விவாதம் உண்டு. குற்றவுணர்ச்சி நாயகனையே அரிக்கிறது என்ற அளவில் சேர்க்கலாம். ஆனால் வர்ணங்களும் பாடல்களும் நிறைந்த அந்த 1964ஆம் ஆண்டுப் படத்தின் ரசம் வேறு. அதே ஆண்டில் பாலச்சந்தர் எடுத்த ‘பொம்மை’யும், 1970இல் தந்த ‘நடு இரவில்’ படமும் சுவாரசியமானவையே. ‘அந்த நாள்’ எட்டிய ஆழத்தை அவை எட்டவில்லை.

மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தும், முதல் ஓட்டத்தில் வணிக வெற்றி பெறாத படம் இது. பிற்காலத்தில் தொலைக்காட்சி இதற்கு ஒரு புதிய சபையைக் கூட்டித் தந்திருக்கிறது. ஆனால் சதுரத்தை ஒட்டிய பழைய சட்டத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் முகங்கள் பருத்துவிடுகின்றன. பிரகாசத்தை மிகுதியாக வைத்தால் மாருதி ராவின் கருமை வெறும் சாம்பலாகிவிடுகிறது. ஆகவே வாசகர்கள், அடுத்த முறை இது ஒளிபரப்பாகும்போது பெட்டியின் அமைப்பில் 4:3 என்ற அளவைத் தேர்ந்து, பிரகாசத்தைக் குறைத்து, அறையின் குழல் விளக்கை அணைத்துவிட்டு, முதல் குண்டோசைக்கு முன்பே வந்து அமர்ந்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.