எண்ணிக்கையும் அதிகாரமும்: நைஜீரிய இராணுவ ஆட்சியிற் சமஷ்டி

நைஜீரியாவின் இராணுவ ஆட்சியை ஆராய்வோருள் ஒரு சாரார், அவ்வாட்சியே மாநிலங்களைப் பெருக்கிச் சிறுபான்மை இனங்களுக்கு இடமளித்தது என்பர். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மாநிலங்களின் எண்ணிக்கையை அவற்றின் அதிகாரத்துக்கு அளவுகோலாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

1963ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பின் கீழ் நான்கு பிராந்தியங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தனக்கென யாப்பும் முதலமைச்சரும் உடையதாயிருந்தது. கனிப்பொருள் உரிமைக் கட்டணத்திற் சரிபாதி, அது பெறப்பட்ட பிராந்தியத்தையே சார்ந்தது. 1966 சனவரியில் அதிகாரத்துக்கு வந்த இராணுவ அரசோ, தனது முதலாவது ஆணையாலேயே எவ்விடயம் குறித்தும் சட்டமியற்றும் உரிமையை மத்திக்கு ஆக்கிக்கொண்டது. ஆளுநர்கள் மத்தியால் நியமிக்கப்பட்ட படை அதிகாரிகள். மக்களுக்கன்றி மேலிடத்துக்கே பொறுப்புடையோர். படையிற் கட்டளை மேலிருந்து கீழ்நோக்கியே செல்வது. ஆட்சியும் அவ்வடிவத்தையே பெற்றது.

அவ்வாண்டு மே மாதத்தில் ஐரொன்சியின் 34ஆம் ஆணை சமஷ்டியை வெளிப்படையாகவே ஒழித்தது. வடபுலத்திற் கலவரம் மூண்டது. யூலையில் அவர் கொல்லப்பட்டார். பின்வந்த கோவன் அவ்வாணையை நீக்கினார். 1967 மே 27இல் அவர் நாட்டைப் பன்னிரு மாநிலங்களாக வகுத்தார். மூன்று நாட்களின் பின் பயாபிரா தனிநாடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அவ்வகுப்பு சிறுபான்மையினரின் நெடுநாட் கோரிக்கைக்கு விடையாயிருந்தது. கிழக்கின் எண்ணெய் வளத்தைப் பிரிவினைத் தலைமையிடமிருந்து விலக்கும் உபாயமாகவும் அமைந்தது.

மாநிலங்கள் 1976இல் 19 ஆகவும், 1991இல் 30 ஆகவும், 1996இல் 36 ஆகவும் பெருகின. இவை யாவும் இராணுவ ஆணையாற் பிறந்தவை. இதே காலத்தில், 1969இன் பெற்றோலிய ஆணை எண்ணெய் உடைமை முழுவதையும் மத்திக்கு உரித்தாக்கியது. நைஜர் கழிமுகச் சிறுபான்மையினர் தமக்கென மாநிலம் பெற்றனர்; தம் நிலத்தடி எண்ணெயின்மீது உரிமை பெற்றிலர். பிராந்தியமாயிருந்து பேரம் பேசியது, மாநிலமாய்ச் சிறுத்தபின் மத்தியின் மாதாந்தப் பங்கீட்டை எதிர்நோக்கலாயிற்று.

இராணுவம் விலகுமுன் ஆணை மூலம் பிறப்பித்த 1999ஆம் ஆண்டு யாப்பு, எண்ணெய் தரும் மாநிலங்களுக்குக் குறைந்தது 13 வீதத்தையே உறுதிசெய்தது. மாநிலங்கள் தமக்கெனப் பொலிஸ் படை அமைப்பதையும் தடுத்தது. இருப்புப்பாதை குறித்துச் சட்டமியற்றும் உரிமையை மாநிலங்கள் பெறுதற்கே 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இராணுவ ஆட்சி முடிந்தபோதும் அது வகுத்த உறவுமுறை முடிந்துவிடவில்லை. ஆதலின், ஒரு நாட்டின் சமஷ்டியை மதிப்பிடுவோர் நிலப்படத்திலுள்ள கோடுகளை எண்ணுதல் போதாது. வரியும் சட்டமும் காவலும் எவர் கையில் உள்ளன என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.