வைக்கோல் கூட்டின் குளிர்காலம்

தேனீக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எமன். இங்கிலாந்துக் கிராமத்தார் வைக்கோலில் முடைந்த ‘ஸ்கெப்’ என்னும் கவிந்த கூட்டைப் பார்க்கிறபோதெல்லாம், இதை அறிந்த கை வேலை செய்திருக்கிறது என்று தோன்றும்.

வெளியே வெப்பம் 14 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேனீக்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு பந்தாகத் திரளும். சிறகை அசைக்காமலே பறக்கும் தசைகளைத் துடிக்கவிட்டுச் சூடு உண்டாக்கும். புழு வளர்க்கிற காலத்தில் பந்தின் நடுவே 34 டிகிரி இருக்கும். அத்தனைக்கும் எரிபொருள் சேர்த்துவைத்த தேன். தேன் செலவாகச் செலவாக நீராவி எழும். மரப்பெட்டிக் கூட்டில் அது மேலே சில்லென்ற பலகையில் பட்டு, பந்தின் தலையில் சொட்டினால் கதை முடிந்தது. ஸ்கெப்பில் வைக்கோல் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் வளைந்த உட்சுவரோடு வழிந்து இறங்கிவிடும்.

முடைகிற விதம் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. வைக்கோல் நீளமாக, நசுங்காமல் இருக்க வேண்டும். (கதிர் அறுக்கும் இயந்திரமும் குட்டைக் கோதுமையும் வந்த பிறகு அது கிடைப்பதே அரிது.) கற்றையை மாட்டுக்கொம்பில் அறுத்த வளையத்துக்குள் செருகி இழுப்பார்கள், மெலிகிற இடத்தில் நாலு தாள் கூடச் செருகினால் பருமன் மாறாது. கட்டுவதற்குக் காட்டு முட்கொடி: முள்ளைச் சீவி, தண்டை நீளவாட்டில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்தால் தோல் போன்ற நார் மிஞ்சும். வாத்தின் கால் எலும்பைச் சாய்வாக வெட்டிய ஊசியைக் கீழ்ச்சுற்றில் குத்தி, அதன் குழல் வழியே நாரை நுழைத்து இறுக்குவார்கள். உச்சியில் தொடங்கிய சுற்று அகன்று அகன்று இறங்கும். நன்றாக முடைந்த கூட்டின்மேல் ஆளே ஏறி நிற்கலாம் என்பார்கள்.

பிறகு பூச்சு. பசுஞ்சாணத்தோடு சாம்பலோ சுண்ணாம்போ குழைத்து வெளியே மெழுகுவார்கள். நம் விதைநெல் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அதன்மேல் நீள வைக்கோலை உச்சியில் கட்டி விரித்த ‘ஹேக்கிள்’ என்ற கூம்புப் போர்வை. மழை அதில் வழிந்து கூட்டைத் தொடாமல் தரைக்குப் போய்விடும். ஹாம்ப்ஷயர் பாதிரியார் சார்லஸ் பட்லர் 1609-இல் தேனீக்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த வைக்கோல் கூட்டையும் விட்டுவைக்கவில்லை.

வசதியுள்ளவர்கள் தோட்டச் சுவரிலேயே மாடம் வைத்துக் கட்டினார்கள். வார்விக்ஷயரில் பாக்வுட் மாளிகையின் செங்கல் சுவரில் அவற்றை இன்றும் பார்க்கலாம். மாடத்துக்கு ஒரு கூடு. காற்றும் சாரலும் பின்புறம் தாக்காது. பெரும்பாலும் தெற்கோ தென்கிழக்கோ பார்த்திருக்கும், காலை வெயிலுக்காக. எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. நடுக்குளிரில் வெயில் வாசலில் அடித்தால் தேனீ ஏமாந்து வெளியே வந்து விறைத்து விழும். கெட்டிக்காரர்கள் அந்த நாட்களில் வாசலுக்கு நிழல் மறைப்பு வைத்தார்கள். தேனீ ஆய்வாளர் ஈவா கிரேனும் அவருடன் சேர்ந்தவர்களும் 1950-களில் இத்தகைய மாடங்களைத் தேடிப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு கொடுமையும் உண்டு. இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கூட்டையும் கையால் தூக்கி எடை பார்ப்பார்கள். கனமானதில் தேன் அதிகம். இலேசானது பனியைத் தாண்டாது. இரண்டையும் கந்தகப் புகைக் குழிமேல் வைத்துக் கொன்று தேனை எடுப்பார்கள். நடுத்தரம்தான் குளிர்காலத்துக்குத் தப்பும். சட்டங்களைக் கழற்றி எடுக்கும் பெட்டிக்கு அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் 1852-இல் காப்புரிமை பெற்றார். அப்படிப்பட்ட பெட்டிகள் பரவியபின் இந்தக் கொலை ஓய்ந்தது. அதற்காகவே மரப்பெட்டியைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அதன் சுவர் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, கூரை தட்டை. சொட்டுகிற வியாதி திரும்பி வந்துவிட்டது. இப்போது பலர் மூடிக்கடியில் மரத்தூளோ கம்பளியோ அடைத்த பையை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

தோட்டக் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கிற ஸ்கெப்புகளை நம்ப வேண்டாம். இரண்டு சுற்றுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் அது பூத்தொட்டியை மூடத்தான் ஆகும்.